சொல்வதை எழுதுபவர்

ரஹமத்துன்னிசா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ரேஷன் கடையில் போடும் கையெழுத்தும்தான். முப்பத்தொன்பதாவது வயதில் மறுபடியும் கோடு போட்ட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே சுவரில் சாய்ந்தபடி மகள் ஷாஹீன் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்.

ஷாஹீனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

தைப் பௌர்ணமி அன்று பகல் மூன்று மணிக்கு நடந்தது அது. ரஹமத்துன்னிசாவின் கணவர் ஜானி பாஷாவுக்குக் கரும்பு ஜூஸ் வண்டி. மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும். பௌர்ணமிக்கு மட்டும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அன்று கூட வேலை செய்கிற ஆள் வரவில்லை. கூட்டம் மத்தியானத்திலிருந்தே நெரிந்தது. அவர் வீட்டுக்குப் போன் செய்து, "யாராவது ஒருத்தர் வாங்க, சமாளிக்க முடியல" என்றார். ரஹமத்துன்னிசாவுக்குக் காய்ச்சல். "ஒரு மணி நேரம் நின்னுட்டு வாம்மா, நான் மாத்திரை போட்டுகினு வந்துடறேன்" என்று ஷாஹீனை அனுப்பியவள் அவள்தான். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு அதற்கு முந்தின வாரம்தான் முடிந்திருந்தது. ஷாஹீன் இயற்பியல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடைசிப் பாடம் ஒன்றுதான் பாக்கி, கூட்டம் கம்மியானால் படிக்கலாம் என்றாள்.

கூட்டம் கம்மியாகவில்லை. மெஷினின் உருளைகளுக்கு நடுவே அவள் கை போனபோது ஜானி பாஷா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தி, உருளையைப் பின்னால் சுற்றிக் கையை எடுத்து, அந்த ஜனத்துக்குள் ஆம்புலன்ஸ் வர முடியாமல் ஒரு போலீஸ்காரர் பைக்கில் அவளை நடுவில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு ஜானி பாஷா சொன்னார்: "புத்தகத்தைப் பார்த்துகினே கரும்ப வுட்டுச்சு சார். பரீட்சை வருதுன்னு அதே நெனைப்பு."

ஊருக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லோருக்கும் அந்தக் கதைதான் தெரியும். ஏதோ அணு பாடமாம், அதைப் படித்துக்கொண்டே கையை விட்டுவிட்டாளாம். இவ்வளவு படிப்பு எதற்கு என்று சிலர் அவள் காதுபடவே சொன்னார்கள். ஷாஹீன் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பரீட்சை எழுதப் போகிறாளா இல்லையா என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளாகத்தான் ஒருநாள் காலையில் அம்மாவிடம், "அன்புச்செல்வி டீச்சருக்குப் போன் போட்டுக் குடுங்க அம்மி" என்றாள்.

அன்புச்செல்வி இயற்பியல் ஆசிரியை. மனு எழுதி, டாக்டர் சான்றிதழ் வைத்து, கல்வி அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்து அனுமதி வாங்கியவர் அவர்தான். ஷாஹீன் தனி அறையில் உட்கார்ந்து விடையைச் சொல்லலாம். ஓர் ஆசிரியர் எழுதுவார். 'சொல்வதை எழுதுபவர்' என்று அதற்குப் பெயர். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

"ஒண்ணு புரிஞ்சுக்கோ" என்றார் அன்புச்செல்வி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. "அந்தந்தப் பாடத்து டீச்சரைப் போட மாட்டாங்க. இயற்பியலுக்கு இன்னொரு ஸ்கூல்லேர்ந்து உண்ணாமலை டீச்சர் வராங்க. அவங்க வரலாறு. ஃபார்முலா எதுவும் தெரியாது. நீ எப்படிச் சொல்றியோ அப்படித்தான் பேப்பர்ல இருக்கும். இயற்பியல் தெரியாதவங்க யாரையாவது வெச்சு சொல்லிச் சொல்லிப் பழகிக்கோ."

இயற்பியல் தெரியாதவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர். ஜானி பாஷா அந்த அறைக்குள் அதிக நேரம் இருப்பதில்லை. ஆகவே ரஹமத்துன்னிசா நோட்டு வாங்கினாள்.

முதல் நாள் மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆனது. ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தெரியும், ஆனால் நினைவில் தேட வேண்டியிருந்தது. கிரேக்க எழுத்துகள் புதிது. ஷாஹீன் இடது கை விரலால் காற்றில் வரைந்து காட்டினாள்.

"லாம்டா அம்மி. மேலேர்ந்து சாய்வா ஒரு கோடு. அது நடுவுலேர்ந்து இடது பக்கம் கீழ ஒரு காலு."

"அரபில வர்ற லாம் அலிஃபைத் தலைகீழா போட்ட மாதிரியா?"

ஷாஹீன் யோசித்தாள். "கிட்டத்தட்ட."

ரஹமத்துன்னிசா ஒரு பக்கம் முழுக்க லாம்டா போட்டுப் பழகினாள். மகள் அன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. d என்றாலும் t என்றாலும் அம்மா காதில் 'டி' என்றே விழுந்தது. "டி என் பை டி டி" என்று மகள் சொன்னால், அவள் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தைப் போட்டாள். ஷாஹீனுக்கு எரிச்சல் வந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். d வந்தால் 'தொப்பை டி'. t வந்தால் 'சிலுவை டி'. அடுக்கில் வருவதை 'மேலே சின்னதாக' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மின்னியல் முடிந்தது, காந்தவியல் முடிந்தது, ஒளியியலில் படங்களைச் சொல்லி வரைய வைப்பது மட்டும் கடைசி வரை சரியாக வரவில்லை. இதற்கிடையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வேதியியல், உயிரியல் என்று தேர்வுகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இயற்பியல் கடைசி.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஷாஹீனின் வகுப்புத் தோழி மதிவதனி வந்தாள். இருவரும் பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசினார்கள். மதிவதனி கிளம்பும்போது வாசலில் ரஹமத்துன்னிசாவிடம் மெல்லச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அவ அணுக்கரு பாடத்தைத் தொடவே இல்ல. கதிரியக்கச் சிதைவு விதி இந்தத் தடவை கட்டாயம் வரும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அஞ்சு மார்க். அதுல கணக்கும் வரும். நான் சொன்னா பேச்சை மாத்தறா."

சாயங்காலம் ரஹமத்துன்னிசா நோட்டைப் பிரித்தாள். "அந்தக் கடைசிப் பாடத்தைச் சொல்லு, எழுதறேன்."

"அது வேணாம் அம்மி."

"ஏன்?"

"வேற கேள்வி எழுதிக்கலாம். சாய்ஸ் இருக்கும்."

"அந்தப் பாடத்தைப் படிக்கும்போதுதான் அப்படி ஆச்சுன்னு பயமா இருக்குதா?"

தெருவில் காஸ் சிலிண்டர் வண்டி போகிற சத்தம் கேட்டது.

"நான் படிக்கல" என்றாள் பிறகு. "புத்தகம் பையில இருந்துச்சு. பை வண்டிக்குக் கீழ இருந்துச்சு. நான் ஜிப்பைக்கூடத் திறக்கல."

ரஹமத்துன்னிசாவுக்குப் புரியவில்லை. "அப்புறம் அப்பா..."

"மெஷினு மேல ஒரு தகடு இருக்கும் இல்ல, கை போகாம? அது அன்னிக்கு இல்ல. பிழிஞ்ச சக்கையை எலுமிச்சம்பழம் வெச்சு மடிச்சு ரெண்டாம் தடவ வுட்டேன். சக்கை உள்ள போச்சு. கையும் போச்சு. நான் உருளையைத்தான் பார்த்துகினு இருந்தேன் அம்மி. என் விரல் போறதை நான் பார்த்தேன்."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பாவை எல்லாரும் இன்னா சொல்வாங்க?" அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "முதல்ல அதுக்காகத்தான் சும்மா இருந்தேன். அப்புறம் அவரு சொல்லிச் சொல்லி, வந்தவங்க எல்லாரும் சொல்லி... அந்தப் பாடத்தை எடுத்தா, நெசமாவே நான் புத்தகத்தைப் பார்த்துகினுதான் இருந்தேனோன்னு எனக்கே தோண ஆரம்பிக்குது. அதனாலதான் திறக்கறதில்ல."

ரஹமத்துன்னிசா எழுந்து வெளியே போனாள். சந்தின் கோடியில், தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. தார்ப்பாயைத் தூக்கினாள். யாரோ நன்றாகக் கழுவி வைத்திருந்தார்கள். உருளைகளுக்கு முன்னால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள். துளைகளைச் சுற்றி இருந்த தேய்மானம் ஒருநாள் கழற்றியதால் வந்ததில்லை. கீழே டப்பாவுக்குள், சாக்குத் துணியில் சுற்றித் தகடு இருந்தது.

ஜானி பாஷா தொழுகை முடிந்து வரும்போது அவள் வாசலில் தகடோடு நின்றாள். அவர் அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருந்தா மடிச்சு வுடும்போது இதுல சிக்குது" என்றார். "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கழட்டுவேன். எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. அன்னிக்கு அவ வந்து நின்னப்ப மாட்டணும்னு நெனைச்சேன். நெனைச்சுகினே இருந்தேன்."

"அப்புறம் புத்தகம்னு ஏன் சொன்னீங்க?"

"டாக்டர் கேட்டாரு. வாயில அதுதான் வந்துச்சு. ஒரு தடவ சொல்லிட்டேன். அடுத்தவங்க கேக்கும்போது அதையே சொன்னேன். அப்புறம் மாத்த முடியல."

"அவளுக்குத் தெரியும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "என்னை ஒண்ணும் கேக்கலியே அவ."

"கேக்கல. அதுக்காக நீங்க சொல்லாம இருப்பீங்களா? அவளை அனுப்பினது நானு. அதை நான் தெனமும் அவ கிட்ட சொல்லித்தான் அழறேன். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். ஷாஹீன் இருந்த அறையின் வாசல் வரை போனது ரஹமத்துன்னிசாவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கே ரஹமத்துன்னிசா பாடத்தைத் திறந்தாள். பக்கங்கள் புதிதாக, மடிப்பில்லாமல் இருந்தன. பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. அதை மகளுக்குக் காட்டினாள்.

"பாரு. நீ இதைப் படிக்கவே இல்ல. உன் புத்தகம் எல்லாத்துலயும் கோடு போட்டு வெச்சிருப்ப. இதுல ஒண்ணும் இல்ல."

ஷாஹீன் இடது கையால் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

"சிதைவு விதி. தலைப்பு போட்டு அடிக்கோடு போடுங்க. ஒரு கணத்தில் ஒரு நொடிக்குச் சிதையும் அணுக்கருக்களின் எண்ணிக்கை, அந்தக் கணத்தில் மிச்சம் இருக்கும் அணுக்கருக்களின் எண்ணிக்கைக்கு நேர்த்தகவில் இருக்கும். அடுத்த வரி. தொப்பை டி, பெரிய என், கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ தொப்பை டி, சிலுவை டி. சமம். மைனஸ் லாம்டா பெரிய என்."

"மைனஸ் எதுக்கு?"

"கொறைஞ்சுகினே போகுதுன்னு அர்த்தம்."

நான்கு நாள் அதையே செய்தார்கள். ஒருமுறை சொல்லி எழுதியதை ஷாஹீன் வாங்கிப் பார்ப்பாள். எங்கே தவறு வந்ததோ அங்கே சொல்லும் விதத்தை மாற்றுவாள். தொகையீடு, மடக்கை, அதிலிருந்து அடுக்கு வடிவம். பிறகு அரை ஆயுட்காலம். இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம். அதற்குப் பிறகு இன்னொரு அரை ஆயுள் போனால் மிச்சத்தில் பாதி.

"அப்ப எப்பத்தான் தீரும்?" என்று ரஹமத்துன்னிசா கேட்டாள்.

"கணக்குப்படி தீராது அம்மி. கொறையும்."

"எந்த அணு முதல்ல போகும்?"

"அதைச் சொல்ல முடியாது. எது போகும், ஏன் அது போச்சுன்னு கேட்டா பதில் கிடையாது. மொத்தமா எத்தினி போகும்னு மட்டும் சொல்லலாம்." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எழுதுங்க. சிலுவை டி, கீழ சின்னதா ஒண்ணு பை ரெண்டு."

அந்த நாட்களில் இரவு வலி அதிகமாக இருந்தது. இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்றாள். மாத்திரை போட்டால் பாடம் மறந்துவிடுமோ என்று பாதி மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டாள்.

தேர்வு நாளில் அம்மாவும் மகளும் ஆட்டோவில் போனார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று உள்ளே போக, ஷாஹீனைத் தனியாகக் கூட்டிப் போனார்கள். ரஹமத்துன்னிசா காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, வேப்பமர நிழலில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்தாள். பதினொரு மணி சுமாருக்கு ஜானி பாஷா வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் பை இருந்தது. அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

ஒன்றே காலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்தார்கள். ஷாஹீனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் பரசுராமன் தன் மகளை அழைத்துப்போக வந்தவர், ஜானி பாஷாவைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பொண்ணு எழுதுதா பாய்? சபாஷ். இன்னா பண்றது, படிப்புல அவ்ளோ கவனம். கையில வேலை இருக்கும்போது கண்ணு புத்தகத்துல இருந்தா இப்படித்தான். நானும் என் பொண்ணுகிட்ட உங்க பொண்ணைத்தான் சொல்வேன்."

ரஹமத்துன்னிசா கணவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல் தலையாட்டத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். பையை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"புத்தகம் இல்ல பரசு" என்றார். "மெஷின்ல தகடு கழட்டி வெச்சிருந்தேன். நான்தான். அவ ஒழுங்காத்தான் வேலை செஞ்சா."

பரசுராமன் மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சரி பாய், நடந்தது நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். ஜானி பாஷா சுவர் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்குவதை ரஹமத்துன்னிசா பார்த்தாள். எழுந்து போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை.

இரண்டே காலுக்கு ஷாஹீன் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கட்டின் மேல் லேசாக ஈரம் கசிந்திருந்தது. இடது கட்டைவிரலில் ஊதா மை.

"இது என்னம்மா?" என்றாள் ரஹமத்துன்னிசா.

"வருகைத் தாள்ல கையெழுத்து போடணும். மத்த பரீட்சைக்கெல்லாம் இடது கையால கிறுக்கினேன், விட்டுட்டாங்க. இன்னிக்கு வந்த சார், கையெழுத்து மாதிரி இல்லன்னு மை டப்பா கொண்டாரச் சொன்னாரு. ரேகை வெச்சேன்."

அப்பா அங்கே நிற்பதை அவள் பார்த்தாள். அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார். "நல்லா எழுதினியாம்மா?" என்றார்.

"எழுதினாங்கப்பா" என்றாள் அவள்.

ஆட்டோவில் வீடு வரும் வழியில், அப்பா டிரைவர் பக்கத்தில் இருக்க, அம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். சிதைவு விதி வந்தது. உண்ணாமலை டீச்சர் பொறுமையானவர். தொப்பை டி, சிலுவை டி என்றதும் சிரித்தார், பிறகு அதில் தப்பே விடவில்லை. ஆனால் லாம்டாவை 'மேலே சின்னதாக' என்று சொன்னபோது, அவர் அதற்கு முன்னால் இருந்த e-யையும் சேர்த்து மேலே ஏற்றிவிட்டார். ஷாஹீன் அதை இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான் கவனித்தாள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னாள். அதில் நேரம் போய், கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வியில் பாதியைச் சொல்லும்போதே மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் ரஹமத்துன்னிசா, சுவர் ஓரத்தில் பரசுராமனிடம் அப்பா சொன்னதைச் சொன்னாள். ஷாஹீன் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லலியே" என்றாள்.

அதன் பிறகும் அவர் அவளிடம் சொல்லவில்லை. ஒரு டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் அவளுக்குப் பிடிக்கும் என்று எதையாவது வாங்கி வந்து, அவள் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். அவள் சாப்பிடுவாள். அவர் கேட்டால் பதில் சொல்வாள். தெருவில் யாரும் இப்போது புத்தகக் கதையைச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஜானி பாஷா போகும்போது பேச்சை நிறுத்துகிறார்கள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. இயற்பியலில் அறுபத்தேழு. எண்பதுக்கு மேல் எதிர்பார்த்திருந்தாள். அவள் நர்ஸிங்தான் படிக்க நினைத்தவள். விசாரித்த இடங்களில் எல்லாம், இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள். ஒரு இடத்தில் ஒரு அம்மாள் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "உன் மார்க் கம்மின்னு இல்லம்மா" என்றார்.

ஜூன் கடைசியில் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்க்கை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஷாஹீன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துப்பட்டாவால் வலது கையை மூடிக்கொண்டாள்.

"இது உனக்குப் பிடிச்சுதானே சேர்ந்த?" என்று ரஹமத்துன்னிசா கேட்டாள்.

"கெடைச்சது இதுதான் அம்மி" என்றாள் அவள். கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட் என்று இடது கை விரல்களைக் காட்டினாள்.